மாத்துனா நல்லதுங்களாமா

காலையிலிருந்தே மூன்றாம் நம்பர் மிஷின் அடம் பிடித்துக்கொண்டிருந்தது. துணியைச் சாயத்தில் வேகவைக்கும் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு, ஆற வேண்டிய நேரத்தில் ஆறமாட்டேன் என்று நின்றுவிட்டது. பச்சைத்தண்ணீர் போகும் குழாயில் அடைப்போ, பம்பு கையை விரித்துவிட்டதோ, யாருக்கும் பிடிபடவில்லை. மேலே சிவப்பு விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு முழு லோடு பாலியெஸ்டர் துணி, கருநீலம். நெடுநேரம் அப்படியே கிடந்தால் மடிப்புக்கு மடிப்பு தடம் விழுந்து, தரை துடைக்கக்கூட ஆகாது. சாயங்காலம் லாரி வந்து நிற்கும்.

"அம்மணி, அந்த மார்க்கோவைக் கூப்புடு. இது என்ன ஏதுன்னு கேளு," என்றார் பாலுசாமி.

அவிநாசிக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சாயப்பட்டறைக்கு அவர்தான் முதலாளி. தோட்டம், தென்னந்தோப்பு என்று இருந்த குடும்பம், அவர் காலத்தில் தொழிலுக்கு வந்தது. கெட்ட மனிதர் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். கோபம் வந்தால்கூட, "ஏங் கண்ணு, கொஞ்சமாச்சும் கூறு வேண்டாமா?" என்று கண்ணு போட்டுத்தான் திட்டுவார். ஆனால் அவர் சொன்னால் சொன்னதுதான். அவரிடம் யாரும் எதையும் மறுத்துப் பேசிப் பார்த்ததில்லை. பேசலாம் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

கையில் போனோடு நின்ற யுவஸ்ரீ அவருடைய தோப்பில் வளர்ந்தவள். அவள் அப்பா சுப்பையன் சின்ன வயதிலிருந்து அங்கேதான் தண்ணீர் கட்டுகிறார். குடியிருக்கும் வீடும் தோப்பு வீடுதான். அவள் பி.காம். முடித்ததும், "புள்ளைய நம்ம ஆபீசுக்கே அனுப்பிப்போடு சுப்பையா," என்று பாலுசாமி சொன்னார். சுப்பையன் அனுப்பிவிட்டார். மகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

ஆனால் சூலூருக்குப் பஸ் ஏறி ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாசுக்குப் போனது அவளாக எடுத்த முடிவு. அங்கே பிரவீனா மிஸ் ஒரு வாரம் முழுக்க ஒரே பாடத்தை நடத்தினார். ஒருவர் ஒன்றைச் செய்தே தீர வேண்டும் என்பதை இங்கிலீஷில் எத்தனை விதமாகச் சொல்லலாம் என்ற பாடம். 'ஷுட்' என்றால் வெறும் யோசனை, கேட்டால் கேட்கலாம், விட்டால் விடலாம். 'சப்போஸ்டு டு' என்றால் அதுதான் முறை, மீறினால் நாலு பேர் கேட்பார்கள். 'ஹேவ் டு' என்றால் வேறு வழியே கிடையாது. 'ரெஸ்பான்சிபிள்' என்று சொன்னால் பின்னாலேயே 'ஃபார்' வர வேண்டும். நாளைக்கு ஏதாவது ஆனால் அது உங்கள் தலையில்தான் விடியும் என்று அர்த்தம். 'இன்சிஸ்ட்' என்றால் 'ஆன்'; பிடித்த பிடியை விடமாட்டேன் என்று சொல்வது. 'ஃபார்' வர வேண்டிய இடத்தில் 'டு' வந்தால் மிஸ்ஸின் பேனா மேசையில் டொக்கென்று விழும். யுவஸ்ரீ பக்கம் அது விழுந்ததே இல்லை.

அந்தப் பாடம் அவளுக்குக் கற்கண்டாக இருந்தது. ஒருநாள் டாக்டரும் நோயாளியுமாகப் பேசிப் பழக வேண்டும் என்று மிஸ் சொல்ல, சூலூரில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் அவளுக்கு நோயாளியாக வாய்த்தார். "யூ ஹேவ் டு ஸ்டாப் ஸ்மோக்கிங்" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். பெரியவர் பவ்யமாக "யெஸ் டாக்டர்" என்றார். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

தமிழில் அந்த வாக்கியம் அவள் வாயில் வராது. மேலே இருப்பவரைப் பார்த்து 'செய்யோணும்' என்று சொல்லும் வழக்கம் அவர்கள் குடும்பத்தில் இல்லை. தோப்பில் ஒருமுறை மோட்டார் கருகிப் புகை கிளம்பியபோது, அப்பா ஓடிப்போய் பாலுசாமியிடம் சொன்னது இதுதான்: "மோட்டாரு சித்தே சூடாகறாப்பல இருக்குதுங்க." மோட்டார் போச்சு. அப்பாவின் மரியாதை போகவில்லை, அதுவரைக்கும் சந்தோஷம்.

மார்க்கோ, மிஷின் விற்ற இத்தாலிக் கம்பெனியின் இன்ஜினியர். அவருக்கும் இங்கிலீஷ் இரவல் மொழிதான். புத்தகத்தில் படித்த மாதிரி சுற்றி வளைக்காமல் பேசுவார். வீடியோ காலில் வந்ததும் பேனலைக் காட்டச் சொன்னார். யுவஸ்ரீ போனைத் திருப்பிக் காட்டினாள். வெப்பம் நூற்றுப் பதினெட்டு டிகிரி என்று பச்சை எழுத்தில் நின்றது.

"பிரஷர் கேஜ்?" என்றார் மார்க்கோ.

உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று காட்டும் வட்ட டயல் பக்கத்திலேயே இருந்தது, அதன் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. அதையும் காட்டினாள்.

மார்க்கோவின் முகம் மாறுவதற்குள் பாலுசாமி அந்த முள்ளைப் பார்த்துவிட்டார். "ஜீரோல நிக்குதல்ல? ஆவி பூராம் எறங்கிப்போச்சு. ரூபா, மேல ஏறி மூடியத் தொறந்து போடு. பச்சைத்தண்ணிய ஊத்தித் துணிய வெளிய இழுத்துப்போடலாம்."

"சரிங்க," என்றான் ரூபன்.

ரூபன் அந்த மிஷினை ஓட்டுபவன். யுவஸ்ரீக்குப் பெரியப்பா மகன், அண்ணன் முறை. முப்பதைத் தாண்டியவன், பேச்சு குறைவு. பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இரும்புப் படியில் ஏறினான். ஆவி இறங்காமல் மூடி திறக்காதபடி மிஷினிலேயே ஒரு பூட்டு வைத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். அது வேலையைத் தாமதப்படுத்துகிறது என்று என்றைக்கோ கம்பி போட்டு இழுத்துக் கட்டியாகிவிட்டது. கட்டச் சொன்னவர் பாலுசாமி. கட்டியவன் ரூபன்.

"வாட் இஸ் தட் மேன் டூயிங்?" என்று மார்க்கோ கேட்டார்.

மூடியைத் திறக்கப் போகிறார்கள் என்று யுவஸ்ரீ சொன்னாள்.

"நோ. நோபடி இஸ் சப்போஸ்டு டு டச் தட் லிட்." அவர் குரல் உயரவில்லை. நூற்றுப் பதினெட்டு டிகிரியில் தண்ணீர் இருந்தால் உள்ளே அழுத்தம் இருந்தே தீரும், முள் பொய் சொல்கிறது, அதற்குப் போகும் சின்னக் குழாய் பஞ்சும் சாயமும் சேர்ந்து அடைத்திருக்கும் என்று விறுவிறுவென்று சொன்னார். எண்பதுக்குக் கீழே இறங்கும்வரை காத்திருந்தே ஆக வேண்டும். அங்கே 'ஹேவ் டு' என்றார்.

ஒவ்வொரு சொல்லுக்கும் எவ்வளவு கனம் என்று யுவஸ்ரீக்குத் தெரியும். அதை வாங்கி இந்தப் பக்கம் கொடுக்கத் திரும்பினாள். எதிரே பாலுசாமி நின்றார், வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு போன். வாய் தானாகப் பழைய தடத்தில் போய் விழுந்தது.

"ஏனுங்க, இப்பத் தொறக்காம சித்தே பொறுத்துத் தொறந்தா நல்லதுங்களாமா. ஜீரோ காட்டறது சரியா இருக்காதுங்கறாருங்க."

"அவனுக்கென்ன, இத்தாலில உக்காந்துட்டு ஆயிரஞ் சொல்லுவான். அவன் துணியா கெடப்போகுது?" என்றார் பாலுசாமி. "எத்தன வருசமா இந்த முள்ளப் பாத்துத்தான தொறக்கறோம். நீ தொற ரூபா."

மேலே முதல் போல்ட் கிரீச்சென்று திரும்பியது.

மார்க்கோவுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். போனுக்குள் அவர் முகம் பெரிதாக வந்தது. "நான் சொல்வதை அவரிடம் அப்படியே சொல்கிறாயா, இல்லையா?" என்று கேட்டார். அடுத்த கேள்வி உடனே வந்தது: "அந்த கேஜையும் சேஃப்டி வால்வையும் போன மாதமே மாற்றியாகிவிட்டது என்றுதானே என்னிடம் சொன்னீர்கள்?"

யுவஸ்ரீ மேலே ரூபனைப் பார்த்தாள்.

போன மாதம் ஒரு கால் வந்தது உண்மை. அன்றைக்கும் இதே இடம்தான். வால்வும் கேஜும் காலாவதியாகிவிட்டன, அவற்றை மாற்றுவதற்கு நீங்கள்தான் 'ரெஸ்பான்சிபிள் ஃபார்' என்று மார்க்கோ சொன்னார். மாற்றாமல் மிஷினை ஓட்டக்கூடாது, இதில் நான் 'இன்சிஸ்ட் ஆன்' என்றும் சொன்னார். இவ்வளவையும் காதில் வாங்கிக்கொண்டு அவள் பாலுசாமியிடம் சொன்னது: "அந்த வால்வும் முள்ளும் பழசாயிருச்சுங்களாம். மாத்துனா நல்லதுங்களாமா." பாலுசாமி வேறு போனில் பேசிக்கொண்டே, "பாக்கலாம், பாக்கலாம்," என்றார். 'பாக்கலாம்' என்றால் ஆகாது என்று அந்த ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். அதை அப்படியே இத்தாலிக்குச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. முதலாளியை விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். "சார் வில் டெஃபினிட்லி டூ இட்," என்று சொல்லி வைத்தாள். அடுத்த வாரம் மார்க்கோ கேட்டபோது "ஓவர் சார்" என்று முடித்தும் வைத்தாள். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் யார் மனமும் நோகாமல் எண்ணெய் தடவி அனுப்பியிருக்கிறாள். அவளைப் போல இரண்டு பக்கமும் பேசத் தெரிந்த பிள்ளை கிடைக்காது என்று பாலுசாமி நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறார்.

அந்த 'நல்லதுங்களாமா'வை மார்க்கோ சொல்லவே இல்லை. அவளாகச் செய்து கொடுத்தது. இப்போது அதன் மேல்தான் ரூபன் ஏறி நிற்கிறான்.

"நாட் சேஞ்ச்டு சார்," என்றாள்.

மார்க்கோ, "அப்படியானால் அந்த மூடி வெடித்துக் கிளம்பும். அந்த மனிதன் செத்துப்போவான்," என்றார். அதைச் சொல்ல அவர் எந்தப் பாடத்து வார்த்தையையும் தேடவில்லை.

இரண்டாவது போல்ட் தளர்ந்துவிட்டது. ரூபன் அடுத்ததற்கு நகர்ந்தான்.

"ஏனுங்க, தொறக்க வேண்டாங்க. தொறந்தா ஆள் உசுருக்கே ஆபத்துங்கறாருங்க," என்றாள் யுவஸ்ரீ.

"அவன் அப்பிடித்தான் பயமுறுத்துவான் அம்மணி. நாளைக்கு ஒண்ணுன்னா அவனுக்குக் கெட்ட பேரு, அதுக்குச் சொல்றான்," என்றார் பாலுசாமி. அவர் கண் பேனல் மேல் இல்லை, கடிகாரத்தின் மேல் இருந்தது. பயமில்லாதவர் பேசுகிற மாதிரி இல்லை, லாரியை நினைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது.

யுவஸ்ரீ மேலே பார்த்துக் கத்தினாள். "ரூபண்ணா! வேண்டா! கீழ வந்துருங்க!"

ரூபன் கேட்டான். ஸ்பேனரை நிறுத்தினான். அவளைப் பார்க்கவில்லை, பாலுசாமியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது. அவனுக்கும் பயம்தான். அவனும் நூற்றுப் பதினெட்டைப் பார்த்தவன்தான். இறங்கு என்ற ஒரு சொல் முதலாளி வாயிலிருந்து வந்தால் போதும், மும்மூன்று படியாகத் தாவி இறங்கிவிடுவான். தங்கச்சி சொன்னாள் என்று இறங்க முடியாது. இத்தாலிக்காரன் சொன்னான் என்றும் இறங்க முடியாது.

"தொற ரூபா. நேரமாகுது," என்றார் பாலுசாமி.

"சரிங்க."

ஸ்பேனர் மறுபடி போல்ட்டில் மாட்டியது. சுற்றிலும் ஆட்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துணி மடிக்கும் பழனியாத்தாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். எல்லாருக்கும் எல்லாம் புரிந்திருந்தது. நாக்கு மட்டும் ஒருவருக்கும் எழவில்லை. இந்த மரியாதையை நினைத்தால் எனக்குச் சில நேரம் ஆத்திரமாக வரும். ஒரு ஆள் நம் கண்ணெதிரே வேகப்போகிறான், நாம் 'ங்க' போடலாமா வேண்டாமா என்று நிற்கிறோம்.

மூன்றாவது போல்ட் திரும்பியபோது யுவஸ்ரீயின் வாயிலிருந்து அது வந்தது.

"பாலுசாமி! ரூபண்ணன எறங்கச் சொல்லு!"

அவள் குரல் என்று அவளுக்கே தெரியவில்லை. கொட்டகை முழுக்க அது ஒருமுறை எதிரொலித்தது. ஐயா இல்லை, முதலாளி இல்லை, ஒரு 'ங்க' இல்லை. வெறும் பெயர். அவருடைய மனைவிகூட வாயில் வைத்துச் சொல்லாத பெயர்.

ரூபன் கையிலிருந்து ஸ்பேனர் நழுவி இரும்புத் தளத்தில் டணாரென்று விழுந்தது. உயிர் போகும் என்று சொன்னதற்கு நிற்காத கை, முதலாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்டு நின்றுவிட்டது. அவன் முகத்தில் அப்படி ஒரு கலவரம். திறப்பதை மறந்து, அவள் வாயைப் பொத்த வருகிறவன் போலப் படியில் தடதடவென்று இறங்கி வந்தான்.

"ஏம்புள்ள, உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது? யாரைப் பேரு சொல்லி..."

அவன் பேசி முடிக்கவில்லை. மேலே உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டது. போல்ட் தளர்ந்த பக்கம் மூடியின் விளிம்பு லேசாக எழும்பி, அந்த இடுக்கு வழியாக ஆவி பிய்த்துக்கொண்டு வந்தது. ரூபன் குனிந்து நின்றிருந்த இடத்துக்கு நேராக அது அடித்தது. பிறகு கொதிக்கும் நீலத் தண்ணீர் கூரைத் தகரம்வரை எகிறித் தெறித்தது. ஆட்கள் அலறிக்கொண்டு வெளியே ஓடினார்கள். யுவஸ்ரீ ரூபனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். பாலுசாமியும் ஓடினார், ஒரு செருப்பு உள்ளேயே கிடந்தது.

போனில் மார்க்கோ கத்திக்கொண்டிருந்தார். கிட்டே யாரும் போகக்கூடாது, பாய்லரிலிருந்து வரும் ஆவியை மட்டும் அடையுங்கள் என்றார். யுவஸ்ரீ திரும்பி, "பாய்லரை அடைங்க! உள்ள ஒருத்தரும் போகக்கூடாது!" என்று சொன்னாள். பாய்லர் பார்க்கிற ஆள் பாலுசாமியின் முகத்தைப் பார்க்காமலேயே ஓடிப்போய் அடைத்தான். மீதி போல்ட்டுகள் இறுக்கமாக இருந்ததால் மூடி பறக்கவில்லை. ஆவி நெடுநேரம் கத்தித் தீர்த்துவிட்டு அடங்கியது.

வெளியே வெயிலில் எல்லாரும் நின்றார்கள். ரூபன் ஒரு டிரம் மேல் உட்கார்ந்திருந்தான். பாலுசாமி தனியாகப் போய் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டார்.

யுவஸ்ரீ யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று எதிர்பார்த்தாள். நல்லவேளை என்றாவது சொல்லலாம். பழனியாத்தாள் மெல்ல அவள் பக்கம் நகர்ந்து வந்தாள்.

"இருந்தாலும் பேரைச் சொல்லிப்போட்டயே கண்ணு," என்றாள்.

யுவஸ்ரீக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. ரூபனைப் பார்த்தாள். அவனாவது ஏதாவது சொல்வான் என்று நினைத்தாள். அவன் தலையைத் தூக்காமலேயே, "போய் ஒரு மன்னிப்புக் கேட்டுப்போடு அம்மணி," என்றான். "உங்கப்பன் இன்னும் அவிய தோப்புலதான இருக்கறாரு. நீங்க குடியிருக்கற ஊடும் அவியளதுதான். நெனச்சுப் பாரு."

நினைத்துப் பார்க்காமல் இல்லை. ஓடி வரும்போதே அவள் நெஞ்சுக்குள் அது வந்து உட்கார்ந்துவிட்டது. இந்நேரம் யாராவது தோப்புக்குப் போன் போட்டிருப்பார்கள். அப்பா மடையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருவார். வந்து, மகள் எதற்குக் கத்தினாள் என்று கேட்கமாட்டார், யார் காலில் விழுவது என்று பார்ப்பார். அதை நினைத்தபோதுதான் அவளுக்கு உண்மையாகவே பயம் வந்தது.

"அம்மணி, இங்க வா," என்று பாலுசாமி கூப்பிட்டார்.

போனாள். கையில் போன் இன்னும் அணையவில்லை. மார்க்கோவும் அங்கேதான் இருந்தார்.

"அவன் என்னமோ கேட்டுட்டே இருக்கறானே, என்ன கேக்கறான்?" என்றார் பாலுசாமி. ஒற்றைக் காலில் செருப்போடு நின்றார்.

மார்க்கோ கேட்டது ஒன்றே ஒன்றுதான். வால்வை மாற்றியாக வேண்டும் என்று நான் சொன்னதை உன் முதலாளியிடம் சொன்னாயா?

இப்போதுகூட வழி இருந்தது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று சொல்லித் தப்பிக்கலாம். இரண்டு பேருக்கும் நடுவில் அவள் ஒருத்திதான் பாலம். யுவஸ்ரீ மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"போன மாசம் அவரு வால்வைப் பத்திச் சொன்னத நான் உங்ககிட்டச் சொன்னனான்னு கேக்கறாருங்க."

"சொன்னயல்லோ. மாத்துனா நல்லதுன்னு."

"அவரு அப்பிடிச் சொல்லலைங்க. மாத்தியே ஆகோணும், மாத்தாம மிஷினை ஓட்டவே கூடாதுன்னு சொன்னாருங்க. ஏதாவது ஆனா நீங்கதான் பொறுப்புன்னும் சொன்னாருங்க."

பாலுசாமி அவளையே பார்த்தார். "ஆகோணும்னு சொன்னானா?"

"ஆமாங்க."

"அப்பிடியே சொல்றதுக்கென்ன? எதுக்கு மாத்திச் சொன்ன?"

யுவஸ்ரீ போனைத் தாழ்த்தினாள்.

"செஞ்சே ஆகோணும்னு உங்ககிட்ட இதுவரைக்கும் யாருங்க சொல்லியிருக்கறாங்க? எனக்கு எப்பிடிச் சொல்றதுன்னே தெரீலைங்க."

கொட்டகையின் கூரையில் தெறித்த நீலத் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பாலுசாமி அதை அண்ணாந்து பார்த்தார். யுவஸ்ரீ போனைத் தூக்கி மார்க்கோவிடம் இங்கிலீஷில் சொன்னாள். நான் மென்மையாகச் சொல்லிவிட்டேன், மாற்றிவிட்டோம் என்று உங்களிடம் சொன்னதும் பொய், தவறு என்னுடையது. மார்க்கோ திட்டுவார் என்று நினைத்தாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த ஆள் உயிரோடு இருக்கிறானா என்று மட்டும் கேட்டார். இருக்கிறான் என்றாள்.

"மாத்தாம இனி ஓட்டக்கூடாதுங்க," என்று அவள் பாலுசாமி பக்கம் திரும்பிச் சொன்னாள். "மூணாம் நம்பர் மட்டுமில்லைங்க, எல்லா மிஷினும். பூட்டுல கட்டுன கம்பியையும் அவுத்தே ஆகோணுங்க."

"மாத்தறேன்," என்றார் பாலுசாமி. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் கோயம்புத்தூரில் யாருக்கோ பேசினார். வால்வு, கேஜ் எல்லாம் புதிதாக இன்றைக்கே வேண்டும் என்றார். லாரி வேண்டாம் என்று இன்னொருவரிடம் சொன்னார். பேசி முடித்துப் போனைப் பையில் போட்டுக்கொண்டு, அவளைப் பார்க்காமல் சொன்னார்.

"ஆனா நீ அத்தன பேரு முன்னால எம்பேரைச் சொன்னது தப்பு அம்மணி. அத அத்தன பேரு முன்னாலதான் சரி பண்ணோணும்."

"சரிங்க," என்றாள் யுவஸ்ரீ.

வெப்பம் எண்பதுக்குக் கீழே இறங்கிய பிறகு எல்லாரும் உள்ளே போனார்கள். தரையெல்லாம் நீலம். ரூபன் மிஷின் பக்கத்தில், கிட்டேயும் போகாமல் தூரவும் போகாமல் நின்றான். பாலுசாமி நடுவில் வந்து நின்றார். யுவஸ்ரீ அவருக்கு எதிரே போய் நின்று கையைக் கட்டிக்கொண்டாள்.

"உங்க பேரைச் சொன்னது தப்புங்க. மன்னிச்சுக்குங்க," என்றாள். பழனியாத்தாள் அப்பாடா என்று மூச்சு விட்டது கேட்டது. யுவஸ்ரீ அதோடு திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை.

"மறுக்கா இப்பிடித் தொறக்கச் சொன்னீங்கன்னா, மறுக்காவும் சொல்லுவனுங்க."

யாரோ ஒருவர் இருமினார். ரூபன் கண்ணை மூடிக்கொண்டான். பாலுசாமியின் முகம் சிவந்தது. திட்டப்போகிறார், இன்றோடு வேலை போச்சு, வீடு போச்சு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். பாலுசாமி அவளை விட்டுவிட்டு மேலே பார்த்தார். மூடி தூக்கிக்கொண்டிருந்த இடுக்கையும், அதற்கு நேராக ரூபன் முகம் இருந்திருக்க வேண்டிய இடத்தையும் பார்த்தார். அவர் கண் அங்கேயே நின்றது.

"ரூபா," என்றார்.

"ஏனுங்க."

"எண்பதுக்குக் கீழ எறங்காம இனி மூடி மேல கைய வெக்காதே. நானே வந்து தொறன்னு சொன்னாலும் தொறக்காதே."

"சரிங்க," என்றான் ரூபன்.

மேலே ஏறும்போது சொன்ன அதே சரிங்க. பாலுசாமிக்கே அது காதில் உறுத்தியிருக்க வேண்டும்.

"சும்மா சரிங்க, சரிங்கன்னு சொல்லாதே. இப்ப நான் உன்னையத் தொறன்னு சொல்றேன். நீ என்ன சொல்லுவே?"

ரூபன் யுவஸ்ரீயைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். கொதிக்கிற மிஷின் மேல் ஏறியபோதுகூட அவனுக்கு இப்படி வேர்க்கவில்லை.

"சொல்லு."

"மாட்டனுங்க."

"காதுல உழுகுல."

"தொறக்கமாட்டனுங்க!" என்று ரூபன் கத்தினான். கத்திவிட்டுத் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தான்.

அந்தக் கொட்டகையில் பாலுசாமியின் முகத்துக்கு நேரே ஒருவன் மாட்டேன் என்று சொன்னது அன்றைக்குத்தான். கேட்டு வாங்கிய வார்த்தையே ஆனாலும், அது அவருக்குச் சுலபமாக இறங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. பிறகு, அப்படித்தான் என்று தலையை ஆட்டினார்.